புதுக் கோச்சின் முதல் நாலு மேட்ச்

2019 டிசம்பர் முதல் வாரத்தில் சென்னையின் எஃப்.சி. தன் புதுக் கோச்சின் பெயரை அறிவித்தபோது, எங்கள் கூட்டத்தில் ஒருவரும் அவருடைய டீம் ஆடிய மேட்ச் ஒன்றைக்கூட முழுசாகப் பார்த்தவரில்லை. ஆனாலும் அரை மணி நேரத்தில் எல்லோரிடமும் தீர்ப்பு தயாராக இருந்தது. பெயர் ஓவன் கோய்ல். ஸ்காட்லாந்தில் பிறந்தவர், அயர்லாந்துக்காக ஒரே ஒரு சர்வதேச ஆட்டம் ஆடியவர். பர்ன்லி என்ற சின்ன ஊர் கிளப்பை 2009-இல் பிரீமியர் லீகுக்கு ஏற்றிவிட்டார். மறு ஜனவரியிலேயே அதை விட்டுவிட்டுப் பக்கத்து ஊர் போல்டனுக்குப் போனார். பர்ன்லிக்காரர்கள் அவரை யூதாஸ் என்று ஏசினார்கள். அந்தப் போல்டன் 2012-இல் கீழ் டிவிஷனுக்கு இறங்கியது. பிறகு விகனில் அரை சீசன், அமெரிக்காவில் ஹூஸ்டன், மறுபடி இங்கிலாந்தில் பிளாக்பர்ன், அப்புறம் ஸ்காட்லாந்தில் ராஸ் கவுன்ட்டி. எங்கேயும் வேர் பிடித்ததாகத் தெரியவில்லை.

"ஒவ்வொரு படியா இறங்கி, கடைசிப் படியில நம்மகிட்ட வந்து நிக்கிறார்" என்றான் ஆர்சனல் பையன். பழைய மகாபலிபுரம் சாலையில் சாஃப்ட்வேர் வேலை, ராத்திரி முழுக்க இங்கிலீஷ் ஃபுட்பால், கையில் எப்போதும் ஏதாவது ஒரு புள்ளிவிவரம். எங்கள் வரிசையில் அவனுக்கு அதுதான் பெயர். என் மைத்துனன் மட்டும் கோய்லுக்காகப் பேசினான். 2009 ஆகஸ்டில் பர்ன்லி மான்செஸ்டர் யுனைடெட்டை 1-0 என்று வீழ்த்தியது அவனுக்கு ஞாபகம் இருந்தது. "யுனைடெட்டையே மண்ணைக் கவ்வ வச்சவர் மாமா. நம்ம டிஃபென்ஸை நிமித்த மாட்டாரா?" என்றான். அவன் யுனைடெட்டை வெறுப்பவன். அந்த நன்றிக்கடனை வைத்துத்தான் கோய்லுக்கு மார்க் போட்டான் என்பது என் எண்ணம்.

டீம் அப்போது இருந்த நிலையைச் சொல்லியாக வேண்டும். 2018 மார்ச்சில் பெங்களூரு கன்டீரவா மைதானத்தில், சுனில் சேத்ரி முதல் கோல் போட்ட பிறகும் 3-2 என்று ஜெயித்துக் கோப்பையைத் தூக்கி வந்தது அப்போதைய கோச் ஜான் கிரிகரியின் டீம். அடுத்த சீசனில் அதே கிரிகரி, ஏறக்குறைய அதே முகங்கள். 18 மேட்சில் 9 பாயின்ட், பட்டியலில் கடைசி இடம். வேறு ஊராக இருந்தால் பாதி வழியிலேயே பெட்டியைக் கட்டச் சொல்லியிருப்பார்கள். கோப்பை கொடுத்த மனுஷன் என்பதால் கிளப்பும் பொறுத்தது, நாங்களும் பொறுத்தோம். 2019-20 தொடங்கியதும் கோவாவிடம் 0-3, மும்பையோடு 0-0, ஏ.டி.கே.யிடம் 0-1, பெங்களூருவிடம் 0-3. நாலு மேட்சில் ஒரு கோல்கூட இல்லை. ஐந்தாவது மேட்ச் ஹைதராபாதுடன், நம்மூரில். தொண்ணூறு நிமிடம் முடிந்து கூடுதல் நேரத்தில் நாம் ஒன்று, அவர்கள் ஒன்று, மறுபடி நாம் ஒன்று. அந்தச் சில நிமிடங்களில் பக்கத்து இருக்கைக்காரரின் சமோசா என் சட்டையில் இருந்தது. அடுத்து ஒடிசாவுடன் 2-2. ஆறு மேட்சில் ஐந்து பாயின்ட்டோடு நவம்பர் முடிந்தது, கிரிகரியும் விலகினார்.

ஆக, புதுக் கோச் வந்தபோது ரசிகன் மனதில் இரண்டு கணக்கு ஓடியது. ஒன்று, இவர் தேறுவாரா. இன்னொன்று, போனவரை அனுப்பியது சரிதானா. வெளியே முதல் கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டோம். ஆனால் ஸ்டாண்டில் சண்டை மூண்டதெல்லாம் இரண்டாவது கேள்வியால்தான். கடைசி இரண்டு மேட்சில் நாலு கோல் வந்துவிட்டதே, இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் கிரிகரியே திருப்பியிருப்பார் என்றது ஒரு கட்சி. அந்தக் கட்சிக்காரர்கள் கோய்லின் ஒவ்வொரு மேட்சையும் கிரிகரிக்கான அப்பீல் வழக்காகவே நடத்தினார்கள்.

பெரியமேடு நேரு ஸ்டேடியத்தில் புல்தரைக்கும் நமக்கும் நடுவே ஓட்டப்பந்தயத் தடம் சுற்றி ஓடுகிறது. கீழ் வரிசையில் உட்கார்ந்தால் வீரர்களின் வியர்வை தெரியும், எதிர்ப்பக்கத்து கோல் அடுத்த பேட்டையில் இருப்பது போலத் தெரியும். சத்தம் போடுகிறவர்கள் கீழே நிற்பார்கள். பி ஸ்டாண்ட் புளூஸ், சூப்பர்மச்சான்ஸ் என்று இரண்டு ரசிகர் கூட்டங்கள் டிரம் வைத்துக்கொண்டு தொண்ணூறு நிமிடமும் ஓய மாட்டார்கள். நாங்கள் மேலே. அதற்குக் காரணம் அயனாவரம் அண்ணன். ஐ.சி.எஃப்.-இல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், இளவயதில் லீக் ஆடியவர், முழங்கால் போனதால் இன்றைக்கும் படியேறும்போது கம்பியைப் பிடித்துக்கொள்வார். அந்த முழங்காலோடு மேல் வரிசைக்குத்தான் போவேன் என்று பிடிவாதம். "பந்து இருக்கிற இடத்தை எல்லாரும் பார்ப்பான் தம்பி. பந்து இல்லாதவன் இன்னா பண்றான்னு பாரு. கோச் அங்கதான் கீறான்" என்பார்.

அவர் சொல்வதெல்லாம் வேதம் என்று நினைத்துவிட வேண்டாம். லித்துவேனியாவிலிருந்து வந்த நெரியஸ் வால்ஸ்கிஸை முதல் நாலு மேட்ச் பார்த்துவிட்டு "மரம்பா இது, தண்ணி ஊத்துனாலும் நகராது" என்று ஒதுக்கித் தள்ளினார். அந்த மரம் அந்த சீசனில் 15 கோல் போட்டுத் தங்கக் காலணி வாங்கியது. அண்ணன் அதைப் பற்றிப் பிறகு பேசவே இல்லை.

கோய்லின் முதல் மேட்ச் டிசம்பர் 9, ஜாம்ஷெட்பூரில். டி.வி.யில் பார்த்தோம். நாம் முதலில் போட்டோம், கடைசி நிமிடங்களில் அவர்கள் சமன் செய்தார்கள், 1-1. வந்து சில நாள்கூட ஆகாத மனிதர். பெயர்களைச் சரியாக உச்சரிக்கக்கூடப் பழகியிருக்க மாட்டார். அந்த மேட்சை வைத்து எதையும் சொல்ல முடியாது என்று எல்லோரும் சொன்னோம். சொல்லிவிட்டு ஒரு மணி நேரம் அதைப் பற்றியே பேசினோம். கடைசியில் கோல் வாங்குகிற வியாதி தீரவில்லை என்பது ஒரு தரப்பு. வெளியூரில் ஒரு பாயின்ட் வந்ததே என்பது மறு தரப்பு. இப்படி ஒரு முடிவும் சொல்லாத மேட்சில்தான் ரசிகன் தன் முன்முடிவை வசதியாகக் குடியேற்றிக்கொள்கிறான்.

டிசம்பர் 20, கேரளா பிளாஸ்டர்ஸ், நம்மூர். அன்றைக்கு ஆர்சனல் பையன் வேறு ஒரு பரபரப்பில் வந்தான். லண்டனில் அவனுடைய கிளப் அன்றுதான் மிகேல் ஆர்டெட்டாவைக் கோச்சாக அறிவித்திருந்தது. ஒரு மாதம் முன்பு டாட்டன்ஹாமுக்கு மொரின்யோ வந்திருந்தார், ஆர்டெட்டாவுக்கு மறுநாளே எவர்டனுக்கு ஆன்செலோட்டி. அந்தக் குளிர்காலத்தில் உலகத்தில் பாதிப் பேர் புதுக் கோச்சை எடை போட்டுக்கொண்டிருந்தார்கள் போல. ஆர்டெட்டா அதற்கு முன் எந்த டீமுக்கும் தலைமைக் கோச்சாக இருந்ததில்லை. படிக்க ஜாதகமே கிடையாது. கோய்லுக்கோ படித்து மாளாத ஜாதகம். இரண்டு பேரையும் பற்றி அவன் சந்தேகமாகத்தான் இருந்தான். "ஒருத்தர் ஒண்ணுமே பண்ணலை, இன்னொருத்தர் பண்ணதெல்லாம் தப்பு" என்று சுருக்கிச் சொன்னான்.

அன்று 3-1. நாலு கோலும் முதல் பாதியிலேயே விழுந்தன. மால்டாக்காரர் ஆந்த்ரே ஷெம்ப்ரி ஆரம்பித்து வைத்தார், கேரளாவின் ஒக்பேச்சே சமன் செய்தார், பிறகு சாங்டே, வால்ஸ்கிஸ். ஸ்டாண்டில் குதூகலம். கேரளாவை நம்மூரில் ஜெயித்தால் மற்றதெல்லாம் அப்புறம்தான். பாதி ஸ்டேடியம் மஞ்சள் சட்டையாக இருக்கும் நாளில் அது தனி ருசி. ஆனால் அந்த மேட்சில் கோச்சைப் பற்றி என்ன தெரிந்தது? கேரளாவும் அந்த சீசனில் ஆட்டம் கண்ட டீம்தான். தடுப்பு ஓட்டையாக இருந்த டீமுக்கு எதிராக மூன்று கோல் போடுவது யார் கோச்சாக இருந்தாலும் நடக்கக்கூடியது. மைத்துனன் அதைக் கேட்கத் தயாராக இல்லை. வழியெல்லாம் பர்ன்லி பர்ன்லி என்று வந்தான்.

எனக்கு அந்த மாதத்தில் பதிந்தது அடுத்த மேட்ச்தான். டிசம்பர் 26, எஃப்.சி. கோவா.

கோவாவை அப்போது செர்ஹியோ லொபேரா நடத்திக்கொண்டிருந்தார். இந்தியாவில் அவர்கள் அளவுக்குப் பந்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு ஆடிய டீம் அன்று வேறு இல்லை. அஹ்மத் ஜாஹு நடுவில் நின்று தபால்காரர் மாதிரி வீடு வீடாகப் பந்தைப் பட்டுவாடா செய்வார். பூமூஸும் கோரோமினாசும் வாங்கிக்கொள்வார்கள். முதல் பாதி முடிவதற்குள் மூன்று கோல். கீழே டிரம் நிற்கவில்லை, ஆனால் தாளம் சோர்ந்துவிட்டது. இடைவேளையில் டீ வாங்கப் போன சிலர் அப்படியே படி இறங்கி சென்ட்ரல் பக்கம் நடையைக் கட்டினார்கள். ஆர்சனல் பையன் செல்போனை எடுத்துவிட்டான். நம் நேரத்துக்கு எட்டரை மணிக்கு போர்ன்மவுத்தில் ஆர்டெட்டாவின் முதல் மேட்ச் தொடங்க இருந்தது. "இங்க பார்க்கறதுக்கு என்ன இருக்கு" என்று காதில் ஒரு ஒயரை மாட்டிக்கொண்டான்.

அப்போது அண்ணன் ஒன்று சொன்னார். "மூணு வாங்கினோமே, அந்த மூணுலயும் நம்ம பசங்க எங்க நின்னாங்க பார்த்தியா?" நான் பார்க்கவில்லை, பந்தைத்தான் பார்த்திருந்தேன். பெனால்ட்டி ஏரியா விளிம்பில் அடைந்து கிடக்காமல், நடுக்கோட்டை நோக்கி ஏறி நின்றிருந்தார்கள் என்றார். எலி சாபியாவும் லூசியன் கோயனும் முன்னால் வந்து நின்று கோட்டை இழுத்துப் பிடிக்கப் பார்க்கிறார்கள். பழக்கம் இல்லாததால் பின்னால் மைதானம் திறந்து கிடக்கிறது. கோவா மாதிரி டீம் அந்த இடத்தை மோப்பம் பிடித்துப் புகுந்துவிடுகிறது. "இது தெரியாம பண்றது இல்ல. இவன் பண்ணச் சொல்லி இருக்கான்" என்று சைட்லைனில் நின்றிருந்த கோய்லைக் காட்டினார். மூன்று கோல் பின்னால் இருக்கும் கோச் அங்கே கை கட்டி நிற்கவில்லை. இடது கையை முன்னால் தள்ளித் தள்ளி, ஏறு ஏறு என்றுதான் சைகை காட்டிக்கொண்டிருந்தார்.

இரண்டாவது பாதியில் நான் பந்தை விட்டுவிட்டு அந்தப் பின் வரிசையையே பார்த்தேன். பார்க்கப் பழகிவிட்டால் அது வேறு ஆட்டம். பந்து பறிபோன கணத்தில் கிரிகரி காலத்து டீம் ஐந்து பேராகப் பின்னால் ஓடும். ஓடிப்போய்க் கோல் முன்னால் திரும்பி நிற்கும். இப்போது பந்து பறிபோன இடத்திலேயே அனிருத் தாபாவும் பக்கத்தில் இருப்பவரும் பாய்ந்தார்கள். பாதி நேரம் தோற்றார்கள், ஆனாலும் ஓட்டம் முன்னோக்கித்தான். சாங்டே கோட்டை ஒட்டியே நின்றான், உள்ளே வரவே இல்லை. அதனால் கோவாவின் வலது பின்வரிசை ஆள் மேலே போக யோசித்தான். நடுவில் உண்டான அந்த இடத்தில் பிரேசில்காரர் கிரிவெல்லாரோ அவசரமே இல்லாமல் உலாவினார். ஒரு கோல் வந்தது. உடனே இன்னொன்று. 2-3. காலியான இருக்கைகளுக்கு நடுவே மிச்சம் இருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டோம். ஆர்சனல் பையன் ஒயரைப் பிடுங்கினான். கோவா நாலாவது போட்டது. முடிவில் நாமும் ஒன்று போட்டோம். 3-4.

அன்று ஆர்சனலும் 1-1 என்றுதான் முடித்தது. இரண்டு புதுக் கோச், இரண்டு மேட்ச், ஒரு பாயின்ட் என்று அவன் கணக்கு சொன்னான்.

மேட்ச் முடிந்து மை லேடீஸ் பூங்கா ஓரமாக நடந்து வந்து ஒரு டீக்கடையில் நின்றோம். நாலு கோல் வாங்கித் தோற்ற கூட்டம். வழக்கமாக அந்த நேரத்தில் யாருடைய தாயையாவது இழுக்காமல் பேச்சு நகராது. அன்று யாரும் திட்டவில்லை. சாங்டேயை நோக்கி வந்த அந்த ஒரு பாஸ், தாபா விழுந்து எழுந்து மறுபடி பறித்தது என்று ஆட்டத்தைப் பற்றியே பேசினார்கள். ஒரு ரசிகனுக்குப் புதுக் கோச்சைப் பற்றிய தீர்ப்பு ஸ்கோரில் இருந்து வருவதில்லை, தோற்ற பிறகு அவன் எதைப் பற்றிப் பேசுகிறான் என்பதில் வருகிறது என்று எனக்கு அன்று தோன்றியது. கிரிகரியின் கடைசி மாதங்களில் நாங்கள் பேசியது ஆளைப் பற்றி: இவனை ஏன் வைத்தார், அவனை ஏன் எடுத்தார். டீக்கடைக் கூட்டத்தில் இடம், வழி, ஓட்டம் என்று பேச்சு திரும்பியது அன்றைக்குத்தான்.

மைத்துனன் மட்டும் உம்மென்று இருந்தான். அவனுக்குப் பாயின்ட் வேண்டும். "நல்லா ஆடித் தோத்தா பாயின்ட் தருவாங்களா மாமா?" நியாயமான கேள்விதான். இந்த மாதிரி ஆறுதல்களை வைத்துக்கொண்டு காலத்தை ஓட்டும் டீம்கள் உலகத்தில் நிறைய.

அவன் பயந்த மாதிரியே ஜனவரி 6 அன்று புவனேசுவரத்தில் ஒடிசாவிடம் 0-2. கோவாவிடம் காட்டிய துள்ளல் எதுவும் அன்று இல்லை. இப்போது கோய்லின் கணக்கு: நாலு மேட்ச், ஒரு வெற்றி, ஒரு டிரா, இரண்டு தோல்வி. மொத்தமாகப் பத்து மேட்சில் 9 பாயின்ட். முந்தைய சீசன் முழுக்க ஆடி எடுத்ததும் அதே 9 என்பதை ஆர்சனல் பையன் ஞாபகப்படுத்தினான். அப்பீல் வழக்குக்காரர்கள் உற்சாகமானார்கள். பிளே-ஆஃப் எல்லாம் மறந்துவிடுங்கள், அடுத்த சீசனுக்கு யாரைக் கொண்டு வரலாம் என்றே பேச்சு ஆரம்பித்துவிட்டது. அந்த வாரம் யாராவது என்னைக் கேட்டிருந்தால் நானும் கோவா மேட்சைத்தான் சாட்சியாகக் கூப்பிட்டிருப்பேன். ஒரே சாட்சி, அதுவும் நாலு கோல் வாங்கிய சாட்சி. கோர்ட்டில் நிற்காது.

பிறகு நடந்தது ஊரறிந்த கதை, வேகமாகச் சொல்லிவிடலாம். நாலு நாள் கழித்து ஹைதராபாதில் 3-1. ஜனவரி 16 அன்று நம்மூரில் நார்த்ஈஸ்ட்டுடன் 2-0. அதில் கீப்பர் உதைத்துத் தள்ளிய பந்து காலுக்கு வர, கிரிவெல்லாரோ வெகு தூரத்திலிருந்தே அவர் தலைக்கு மேலே தூக்கிக் கோலுக்குள் இறக்கினார். பந்து ஆகாயத்தில் இருந்த நேரம் முழுக்க ஸ்டேடியம் மூச்சு விடவில்லை. ஜாம்ஷெட்பூரை 4-1. பிப்ரவரி முதல் தேதி கொச்சியில் கேரளாவை 6-3. ஒக்பேச்சே ஹாட்ரிக் போட்டும் அவர்கள் தோற்றார்கள். பெங்களூருவுடன் 0-0, கொல்கத்தாவில் ஏ.டி.கே.யை 3-1, மும்பையில் 1-0. அந்த ஒற்றைக் கோலைப் போட்டவர் கோயன், மும்பையின் பழைய ஆள். அந்தக் கோல் அவர்கள் ஊரிலேயே அவர்களை வெளியேற்றி நம்மை பிளே-ஆஃபில் சேர்த்தது. கோய்லின் பன்னிரண்டு லீக் மேட்சில் 24 பாயின்ட், மொத்தம் 29, நாலாவது இடம்.

இதில் பெரிய பங்கு கோச்சினுடையதா, வால்ஸ்கிஸின் காலினுடையதா? அப்பீல் கட்சி இன்றைக்கும் இதைக் கேட்கும். கிரிகரி காலத்திலேயே வால்ஸ்கிஸ் கோல் போட ஆரம்பித்துவிட்டார் என்பது உண்மை. பெரிய ஆள் மாற்றம் எதுவும் நடக்கவில்லை என்பதும் உண்மை. அதே ஆட்களை வைத்துக்கொண்டு ஒருவர் ஆறு மேட்சில் ஐந்து பாயின்ட், இன்னொருவர் பன்னிரண்டில் 24 என்றால் வித்தியாசம் கோச்தான் என்று சொல்லத் தோன்றும். அதிர்ஷ்டம் திரும்பியது என்றும் சொல்லலாம். இரண்டையும் பிரிக்க ஒரே சீசனை இரண்டு தடவை ஆட வேண்டும். எனக்கு இதில் கோய்ல் கட்சிதான். காரணம் அந்தப் பாயின்ட் கணக்கு இல்லை. கோவாவிடம் ஓட்டையாகத் தெரிந்த அதே ஏறி நிற்கும் கோடு, கொல்கத்தாவில் ஏ.டி.கே.யை அவர்கள் பாதியிலேயே முடக்கியது. அவர் தோல்விக்குப் பயந்து அதை மாற்றியிருந்தால் பிப்ரவரியில் அது கிடைத்திருக்காது.

அரையிறுதியில் மறுபடி கோவா. இடையில் ஒரு வேடிக்கை நடந்திருந்தது. ஜனவரி கடைசியில், லீக்கில் மூன்று மேட்ச் மிச்சமிருக்கும்போது, பட்டியலின் உச்சிக்குப் போட்டி போட்டுக்கொண்டிருந்த கோவா தன் கோச் லொபேராவை அனுப்பிவிட்டது. கிளிஃபோர்ட் மிராண்டா என்ற கோவாக்காரர் தற்காலிகமாகப் பொறுப்பேற்று, டீமை முதலிடத்தில் கொண்டுபோய் முடித்தார். கடைசி இடத்தில் முடித்த கோச்சை நாம் ஒரு சீசன் பொறுத்தோம். முதலிடத்துக்குப் போகிறவரை அவர்கள் பொறுக்கவில்லை. பிப்ரவரி 29 அன்று சென்னையில் 4-1. கோயன், தாபா, எலி சாபியா, சாங்டே என்று ஆளுக்கொன்று. அன்றைய நேரு ஸ்டேடியம் சத்தத்தில் அண்ணன் என்ன சொன்னார் என்று கேட்கவே இல்லை. வாய் மட்டும் அசைந்தது. மார்ச் 7 ஃபடோர்டாவில் 2-4 என்று தோற்றும் மொத்தக் கணக்கில் 6-5 என்று உள்ளே போனோம். இறுதி ஆட்டம் மார்ச் 14, கோவிட் வந்துவிட்டதால் ஆளில்லாத மைதானத்தில். ஏ.டி.கே. 3-1. டி.வி.யில் கோச்சுகள் கத்துவது துல்லியமாகக் கேட்டது. கோய்லின் ஸ்காட்லாந்து இங்கிலீஷ் எங்களில் ஒருவருக்கும் புரியவில்லை.

அடுத்த சீசனுக்கு அவர் ஜாம்ஷெட்பூர் போனார், வால்ஸ்கிஸையும் கூட்டிக்கொண்டு. பர்ன்லிக்காரர்கள் என்ன சொல்லியிருப்பார்கள் என்று அன்று எங்களுக்குப் புரிந்தது. 2021-22-இல் அந்த ஜாம்ஷெட்பூர் லீக்கில் முதலிடம் பிடித்து ஷீல்டை வாங்கியதையும் பார்த்துத் தொலைத்தோம்.

அதே 2021-22-இல் நம் புதுக் கோச் மான்டினெக்ரோவின் போஷிதார் பாந்தோவிச். முதல் மூன்று மேட்சில் இரண்டு வெற்றி, ஒரு டிரா. மூன்றிலும் சேர்த்து வாங்கியது ஒரே கோல். அப்பாடா, டிஃபென்ஸ் என்று ஒன்று வந்துவிட்டது என்று எல்லோரும் சொன்னோம். அந்த சீசன் முழுக்கக் கோவாவில், ரசிகர்கள் இல்லாமல் நடந்ததால் பார்த்ததெல்லாம் டி.வி.யில். டி.வி.க்குப் பந்துதான் தெரியும். கேமரா பந்தின் பின்னாலேயே போகும். பந்து இல்லாதவன் எங்கே நிற்கிறான் என்று காட்டாது. அண்ணன் மட்டும் தொலைபேசியில் குறைப்பட்டார்: "பின்னால எத்தினி பேரு குந்தினு கீறான்னே தெரியல தம்பி, ஃபுல்லா க்ளோசப்பு." பிப்ரவரியில் கோவாவிடம் 0-5 வாங்கியதும் பாந்தோவிச்சின் காலம் முடிந்தது. மிச்ச மேட்சை நம்மூர் சபீர் பாஷா பார்த்துக்கொண்டார். டீம் எட்டாவது இடம்.

2023-இல் கோய்ல் திரும்பி வந்தார். முதல் மூன்று மேட்சும் தோல்வி. வேறு யாராக இருந்தாலும் அந்த மூன்றாவது மேட்ச் முடிவதற்குள் ஸ்டாண்டில் கோஷம் கிளம்பியிருக்கும். ஒரு முணுமுணுப்பும் இல்லை. "டீம் செட் ஆக டைம் வேணும்ல" என்றான், 2020 ஜனவரியில் அடுத்த கோச்சைத் தேடிக்கொண்டிருந்த அதே ஆர்சனல் பையன். அவனுடைய ஆர்டெட்டாவும் அதற்குள் நிலைத்துவிட்டிருந்தார். பொறுமையின் பலனை அவன் இரண்டு பக்கமும் பார்த்தவன். ஆறாவது இடத்தில் முடித்து பிளே-ஆஃப் வரை போய், மறுபடி கோவாவிடம் தோற்றோம். அடுத்த சீசனில் 11-ஆவது இடம். பழைய வரவை எத்தனை நாள் செலவு செய்ய முடியும்? 2025-இல் கோய்ல் கிளம்பிப் போனபோது வருத்தப்பட்டவர்களும் தடுக்கவில்லை.

அவருக்குப் பதிலாக வந்தவர் கிளிஃபோர்ட் மிராண்டா. செய்தி வந்த அன்று மாலை எங்கள் கூட்டம் அண்ணன் வீட்டுத் திண்ணையில் இருந்தது. முழங்கால் அறுவை முடிந்து அவர் படியேறக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆர்சனல் பையன் வழக்கம்போல ஜாதகம் படித்தான். இந்த முறை இந்தியர், 2023-இல் ஒடிசாவுக்கு சூப்பர் கோப்பை வாங்கிக் கொடுத்தவர்.

அண்ணன் யோசித்தார். "கோவா கோச்சா இங்க வந்து நம்மகிட்ட நாலு வாங்கினு போனாரே, அவரா?"

"அடுத்த வாரமே அவங்க ஊர்ல நமக்கு நாலு போட்டாரே அண்ணே, அவர்தான்" என்றேன்.

"அப்ப சரி" என்றார். மைத்துனன் எதற்குச் சரி என்று கேட்டான். அவர் பதில் சொல்லாமல், ஸ்டேடியத்தில் மேல் வரிசைக்கு லிஃப்ட் இருக்கிறதா என்று விசாரிக்க ஆரம்பித்தார்.